முதல் பனிச்சறுக்குப் பயணம்: பகலில் சரிவு, மாலையில் அந்த ஊர் பீர்

பிற்பகல் மூன்று மணி வாக்கில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். சரிவின் உச்சிக்கு ஏற்றிச்செல்லும் லிஃப்டை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மனம் கெஞ்சும். என் முதல் பயணத்தில் அந்த ஒரு தடவைக்குப் போய்த்தான் முழங்காலைத் திருகிக்கொண்டேன். மிச்சம் இருந்த மூன்று நாளும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அன்றைய பீர் எது, எங்கே, எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுவேன். மூன்று மணிக்கு ஒரு மேசை காத்திருக்கிறது என்று தெரிந்தால், இறங்குவதற்கு மனம் தகராறு செய்வதில்லை.

இந்தக் கட்டுரை பனியில் இதுவரை கால் வைக்காதவர்களுக்கு. பீரிலும் பெரிய பழக்கம் இல்லாதவர்களுக்கு. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துக் கற்றுக்கொள்ளலாம், வரிசை மட்டும் மாறக்கூடாது: சறுக்கு முதலில், பீர் பூட்ஸைக் கழற்றிய பிறகு.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் பொதுவாக மிகப் பெரிய மலையைத் தேடுகிறார்கள். உங்களுக்கு முதல் மூன்று நாளில் தேவைப்படுவது இருநூறு மீட்டர் நீளமுள்ள மென்மையான ஒரு சரிவு, ஒரு நல்ல பயிற்சிப் பள்ளி, தங்கும் இடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு புரூவரி, அதாவது பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் இடம். இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நூற்றைம்பது சரிவுகள் இருக்கும் மலையில் நூற்று நாற்பத்தைந்து உங்களுக்கு இப்போதைக்கு உதவாது.

அப்புறம், தூங்கப்போகும் ஊரின் உயரத்தைப் பாருங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் இருக்கும் ட்செல் அம் ட்சில்லர் ஊர் 600 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. பகலில் லிஃப்டில் மேலே போவீர்கள், இரவில் பள்ளத்தாக்கில் நிம்மதியாகத் தூங்குவீர்கள். 1500ஆம் ஆண்டில் தொடங்கிய ட்சில்லர்டால் பீர் ஆலை அந்த ஊரிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் பிரெக்கன்ரிட்ஜ் இதற்கு நேர் எதிர். ஊரே சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1990இல் அங்கே தொடங்கிய பிரெக்கன்ரிட்ஜ் புரூவரி, சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் உலகில் நன்றாக அறியப்பட்ட பெயர். ஊர் அழகு, பீர் நன்று, ஆனால் முதல் இரண்டு இரவு தலைவலியோடு புரள வாய்ப்பு உண்டு. முதல் பயணத்துக்கு நான் தாழ்வான ஊரைத்தான் சொல்வேன்.

இன்னும் சில ஊர்களையும் சொல்கிறேன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோவ். அங்கே டிராப் குடும்பத்தினரின் விடுதியில் 2010 முதல் ஆஸ்திரிய பாணி லாகர், அதாவது குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் பீர், காய்ச்சுகிறார்கள். அதே விடுதி 1968இல் சமதளப் பனிச்சறுக்கு மையம் ஒன்றையும் தொடங்கியது. செங்குத்துச் சரிவு பயமாக இருப்பவர்கள் காட்டுப் பாதையில் நடப்பதுபோல் சறுக்கிப் போகலாம். அதுவும் முழுமையான பனிச்சறுக்குதான். யூட்டாவில் பார்க் சிட்டி. அந்த மாநிலத்தில் பீர் சட்டம் கொஞ்சம் கண்டிப்பு: குழாயிலிருந்து ஊற்றும் பீரில் மதுச் சதவீதம் 5ஐத் தாண்டக் கூடாது. 2019 நவம்பருக்கு முன் வரம்பு இதைவிடக் குறைவு. பகல் முழுக்கச் சறுக்கிவிட்டு வருபவர்களுக்கு இது குறையாகத் தெரியாது.

தெற்குப் பாதி உலகில் பனிக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அங்கே அர்ஜென்டினாவின் பரிலோச்சே எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. செர்ரோ கேட்டட்ரல் சறுக்கு மலை ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது, ஊரில் தெருவுக்குத் தெரு சிறு புரூவரிகள். பீர் பிரியர்கள் ஊரைச் சுற்றியுள்ள காடுகளை வணங்கவே வேண்டும். உலகம் முழுவதும் குடிக்கப்படும் லாகர் பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்று, ஏல் என்ற இன்னொரு பீர் வகையைப் புளிக்கவைக்கும் வழக்கமான ஈஸ்ட். மற்றொன்று எது என்று நெடுங்காலம் தெரியவில்லை. 2011இல் வெளியான ஆய்வில், பரிலோச்சேயைச் சுற்றியுள்ள பீச் மரங்களின் மேல் வளரும் பூஞ்சைகளில் அந்தக் காட்டு ஈஸ்ட் கிடைத்தது என்று தெரிவித்தார்கள். பிறகு வேறு நாடுகளிலும் அது கிடைத்தது. குளிரில் சுணங்காமல் வேலை செய்யும் குணத்தை லாகர் ஈஸ்டுக்குக் கொடுத்தது இந்தக் காட்டு உறவினர்தான்.

எப்போது, எத்தனை நாள்

வடக்குப் பாதியில் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களைத் தவிருங்கள். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஜனவரி நடுப்பகுதியில் கூட்டம் குறைவு, குளிர் அதிகம். மார்ச்சில் வெயில் இதமாக இருக்கும். புதியவர்களுக்கு அதுதான் சௌகரியம். நான்கு முழு நாள் சறுக்கு இருக்கட்டும். இரண்டு நாளில் விழுவதற்கு மட்டும்தான் கற்றுக்கொள்வீர்கள், மூன்றாம் நாள்தான் அது சுகமாக மாறும்.

எதை வாங்க வேண்டும், எதை வாடகைக்கு எடுக்க வேண்டும்

சறுக்குப் பலகை, பூட்ஸ், கம்பு, ஹெல்மெட் நான்கும் வாடகைக்கே போதும். சொந்தமாக வாங்க வேண்டியது உடம்போடு ஒட்டியிருப்பவை: உள்ளாடை அடுக்கு, காலுறை, கையுறை, கண்ணாடி.

உடையை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, அதன் மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், பேன்ட். பருத்தி மட்டும் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், லிஃப்டில் உட்கார்ந்ததும் அந்த ஈரம் ஐஸாக முதுகில் ஒட்டும். ஜீன்ஸ் அணிந்து வருபவர்கள் மதியத்துக்குள் நடுங்கிக்கொண்டு அறைக்குத் திரும்புவதை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன்.

காலுறை ஒரு ஜோடி மட்டும். மெல்லியதாக, முழங்கால் வரை உயரமாக. இரண்டு ஜோடி போட்டால் இரண்டு மடங்கு கதகதப்பு கிடைக்காது. பூட்ஸுக்குள் பாதம் இறுகி ரத்த ஓட்டம் குறையும், விரல்கள் இன்னும் வேகமாகச் சில்லிடும். கையுறையில் விரல் பிரியாத வகை அதிகச் சூடு தரும்.

கண்ணாடியை அலட்சியம் செய்யாதீர்கள். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடுகிறது, புதிய பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும். மேகமூட்டமான நாளிலும் சன்ஸ்கிரீன் வேண்டும். தாடைக்குக் கீழும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் தடவ மறக்காதீர்கள். எல்லோரும் கருகிக்கொண்டு வருவது அங்கேதான்.

பூட்ஸ்: பயணம் பிழைப்பதும் கெடுவதும் இங்கேதான்

வாடகைக் கடையில் அரை மணி நேரம் கூடுதலாகச் செலவிடச் சொல்லும் ஒரே இடம் இது. சறுக்கு பூட்ஸின் அளவு பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் சொல்லும் எண். உங்கள் வழக்கமான செருப்பு அளவை வைத்து ஊகிக்காதீர்கள், அளக்கச் சொல்லுங்கள். அணிந்து நேராக நிற்கும்போது விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழவே கூடாது.

முதல் முறை அணிபவருக்கு இது "ரொம்ப இறுக்கம்" என்று தோன்றும். பெரிய அளவு கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். தளர்வான பூட்ஸில் கால் ஒரு பக்கம் போகும், பலகை வேறு பக்கம் போகும். அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் அது சரியான இறுக்கம். ஒரே இடத்தில் கூர்மையாக வலித்தால் அது தவறான பூட்ஸ், உடனே மாற்றுங்கள். பூட்ஸுக்குள் காலுறையைத் தவிர எதுவும் போகக் கூடாது. உள்பேன்ட் விளிம்பு ஒரு மடிப்பு மாட்டியிருந்தால்கூட மாலைக்குள் தோல் உரிந்துவிடும்.

அடுத்தது பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பொறி. விழும்போது கால் முறியாமல் இருக்க இது சரியான நேரத்தில் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடிநீளம் ஆகியவற்றை வைத்துத்தான் கடைக்காரர் அமைப்பார். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். "கொஞ்சம் தெரியும்" என்றும் சொல்லாதீர்கள். முதல் தடவை என்றே சொல்லுங்கள். பலகை தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருந்தால் திருப்ப எளிது.

முதல் நாள் காலை

பயிற்சி வகுப்பில் சேருங்கள். நன்றாகச் சறுக்கத் தெரிந்த கணவரோ மனைவியோ நண்பரோ சொல்லிக்கொடுப்பதாகச் சொல்வார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள். அவர்களுக்கு உடம்பில் ஊறிப்போன விஷயத்தை வார்த்தையில் உடைத்துச் சொல்லத் தெரியாது. பயிற்றுநருக்கு அதுதான் தொழில். இரண்டு பேருக்கும் உறவு பத்திரமாக இருக்கும். புதியவர்களுக்கு வகுப்பு, வாடகை, தொடக்கச் சரிவுக்கான டிக்கெட் மூன்றையும் சேர்த்துத் தரும் தொகுப்புகள் பல இடங்களில் உண்டு. முழு மலைக்கான டிக்கெட்டை முதல் நாளே வாங்கத் தேவையில்லை.

வகுப்பில் முதலில் வருவது பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி நிற்பது. மேலிருந்து பார்த்தால் பீட்சா துண்டு மாதிரி தெரியும், அதனால் உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு அதைப் "பீட்சா" என்றே சொல்லித்தருகிறார்கள். அகட்டினால் வேகம் குறையும். ஒரு காலில் எடையை அழுத்தினால் எதிர்ப்பக்கம் திரும்பும்: வலது காலை அழுத்தினால் இடப்பக்கம், இடது காலை அழுத்தினால் வலப்பக்கம். முதல் இரண்டு நாளுக்கு இவ்வளவுதான் பாடம்.

இதில் கஷ்டம் எங்கே வருகிறது என்றால், பயம் வந்ததும் உடம்பு பின்னால் சாய்கிறது. மலை இறங்கும் எவருக்கும் அது இயல்பு. ஆனால் பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியை விட்டு இலகுவாகி, திருப்பும் கட்டுப்பாடு போய்விடும், வேகமும் கூடும். பயம் வரும்போது முன்னால் சாய வேண்டும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அந்த அழுத்தம் இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். பார்வை பலகை நுனியில் இருக்க வேண்டாம், போகவேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

நிற்க முடியவில்லை என்றால் பக்கவாட்டில் விழுங்கள். எழுவதற்கு முன் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் எழுந்தால் எழுந்த கையோடு மீண்டும் வழுக்குவீர்கள்.

லிஃப்ட், நிறங்கள், சாலை விதிகள்

தரையோடு நகரும் பட்டைதான் முதல் லிஃப்ட். அதில் நின்றால் போதும். நாற்காலி லிஃப்டில் ஏறும்போது கம்புகளை ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, மறு கையால் நாற்காலியைப் பிடியுங்கள். இறங்கும் இடத்தில் பலகை நுனியை உயர்த்தி வைத்து, எழுந்து நேராக வழுக்கிப் போங்கள், அங்கேயே நிற்காதீர்கள். டி வடிவக் கம்பி லிஃப்டில் உட்கார முயலக் கூடாது. அது பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

சரிவுகளின் நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பாவில் நீலம் என்றால் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்; பிரான்ஸ் போன்ற நாடுகளில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம்தான் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஆல்ப்ஸ் மலையில் நீலத்தில் பழகியவர் அமெரிக்காவில் நீலத்தில் இறங்கினால் திணறுவார்.

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு பத்து நடத்தை விதிகள் வைத்திருக்கிறது. புதியவர் மனப்பாடம் செய்ய வேண்டியவை சில. உங்களுக்குக் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, அவரை இடிக்காமல் போவது மேலிருந்து வரும் உங்கள் பொறுப்பு. கிளம்பும் முன் மேலே பாருங்கள். நிற்பதானால் ஓரத்தில் நில்லுங்கள், மேடு மறைக்கும் இடத்தில் நிற்காதீர்கள். விபத்தைப் பார்த்தால் நின்று உதவுங்கள். இத்தாலியில் 2022 முதல் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் சரிவில் இறங்க முடியாது. குடித்துவிட்டுச் சறுக்குவதற்கும் அங்கே அபராதம் உண்டு.

பிற்பகலைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டும். இரவில் இயந்திரம் ஓட்டி வரிவரியாகச் சமப்படுத்தி வைத்த பனி, நாள் முழுக்க ஆயிரக்கணக்கானோர் இறங்கியதில் மேடும் பள்ளமுமாக மாறியிருக்கும். கீழே இளகியிருக்கும், நிழல் விழுந்த இடத்தில் ஐஸாக இறுகியிருக்கும். வெளிச்சம் மங்கி மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. அதே சரிவு காலையில் இருந்த சரிவே அல்ல. காலும் காலையில் இருந்த கால் அல்ல. ஆகவே மூன்று மணி. அதற்கு மேல் முதல் பயணத்தில் வேண்டாம்.

மூன்று மணிக்குப் பிறகு

முதலில் பூட்ஸைக் கழற்றுங்கள். அந்த நிம்மதிக்கு ஈடு எதுவும் இல்லை. ஈர உள்ளாடையை மாற்றுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். மலைக் காற்று வறண்டது, மூச்சு வழியாகவே நிறைய நீர் போயிருக்கும். தாகத்தை பீரால் தணிக்க முயன்றால் அது இன்னும் நீரை வெளியேற்றும். தாகம் தீர்ந்த பிறகு குடிக்கும்போதுதான் பீரின் சுவையும் தெரியும்.

கீழே ஊருக்குள் நடந்து போகும்போது அடிப்பாகம் பிடிப்பான காலணி அணியுங்கள். சரிவில் விழாமல் தப்பியவர்கள் வண்டி நிறுத்துமிடத்து ஐஸில் விழுவார்கள்.

புரூவரியில் உட்கார்ந்ததும் பெரிய கோப்பை கேட்காதீர்கள். "ஃப்ளைட்" கேளுங்கள். நான்கைந்து சிறு கோப்பைகளில், கோப்பைக்கு நூறு முதல் நூற்றைம்பது மில்லி போல, வெவ்வேறு பீரை ஒரு பலகையில் வைத்துத் தருவார்கள். எல்லாம் இங்கேயே காய்ச்சியவையா, இந்த வாரம் புதிதாகத் திறந்தது எது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஊற்றுபவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும், கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

வரிசை முக்கியம். வெளிறிய, மென்மையான லாகரில் தொடங்குங்கள்: பில்ஸ்னர், ஹெல்லஸ். அடுத்து கோதுமை பீர். வாழைப்பழம், கிராம்பு வாசனை வரும். பழமோ கிராம்போ போடுவதில்லை, அந்த வாசனை முழுக்க ஈஸ்டின் வேலை. பிறகு பேல் ஏல், ஐபிஏ; இவற்றில் ஹாப்ஸ் பூவின் கசப்பும், எலுமிச்சை, பைன் மர வாசனையும் முன்னால் நிற்கும். கடைசியில் கறுப்பு ஸ்டவுட் அல்லது டாப்பல்பாக் என்ற வலுவான லாகர். கசப்பை முதலில் குடித்துவிட்டால் ஹெல்லஸ் வெறும் தண்ணீராகத் தெரியும். பாவம், நல்ல ஹெல்லஸ் காய்ச்சுவது ஐபிஏ காய்ச்சுவதைவிடக் கஷ்டம், ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை.

கறுப்பு பீர் சில்லென்று வந்தால் உடனே குடிக்காதீர்கள். கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் பத்து நிமிடம் பொத்திப் பிடித்துக்கொண்டிருங்கள். குளிர் விலக விலக, வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) காபி, சாக்லேட் மணம் மேலே வரும். பனியிலிருந்து வந்த கைக்கு இது சிரமமான வேலைதான், ஆனாலும் செய்து பாருங்கள்.

மலை ஊரில் பீருக்கு என்ன தனிச் சிறப்பு என்று கேட்பீர்கள். ஒன்று, தண்ணீர். பீரில் பெரும்பகுதி தண்ணீர்தான், அது எந்தப் பாறை வழியாக வந்தது என்பது சுவையில் தெரியும். 1842இல் போஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பில்சன் நகரில் யோசஃப் குரோல் என்பவர் முதல் பில்ஸ்னரைக் காய்ச்சினார். அந்த ஊரின் மிக மென்மையான, அதாவது தாது உப்புகள் குறைந்த, நீர் இல்லாமல் அந்தக் கசப்பு இவ்வளவு இதமாக வந்திருக்காது. கருங்கல் மலையில் இறங்கும் பனிநீர் மென்மையானது, சுண்ணாம்புப் பாறை மலையின் நீர் கடினமானது. இரண்டு வகை மலையிலும் ஒரே பாணி பீரைக் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் நாக்குக்குப் புரியும்.

இரண்டு, உயரம். பிரெக்கன்ரிட்ஜ் போன்ற ஊரில் தண்ணீர் சுமார் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஹாப்ஸிலிருந்து கசப்பு இறங்க நல்ல சூடு வேண்டும். சூடு குறைந்தால் கசப்பும் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் உயரத்தில் காய்ச்சுபவர்கள் அதிக நேரம் கொதிக்கவைப்பார்கள் அல்லது ஹாப்ஸைக் கூட்டுவார்கள். காற்றழுத்தம் குறைவு என்பதால் ஊற்றும்போது நுரையும் பொங்கிக்கொண்டு வரும்.

மூன்றாவது எனக்கு மிகவும் நெருக்கமானது. லாகர் பீரே குளிர்காலத்தின் பிள்ளை. 1553இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கோடையில் காய்ச்சியது கெட்டுப்போனது. ஆகவே குளிரில் காய்ச்சி, குளத்து ஐஸை வெட்டிக்கொண்டுவந்து நிலவறையில் அடுக்கி, மாதக்கணக்கில் சேமித்து வைத்தார்கள். "லாகர்" என்ற சொல்லுக்கு ஜெர்மானிய மொழியில் சேமிப்பு என்று பொருள். பனி உறைந்த மலையில் லாகர் குடிப்பது அது பிறந்த வீட்டிலேயே அதைச் சந்திப்பது போல.

எவ்வளவு என்பதைக் கணக்குப் போடுங்கள்

5 சதவீத பீர் அரை லிட்டரில் சுமார் 20 கிராம் மது இருக்கிறது. 8 சதவீத டாப்பல்பாக் என்றால் அதே அரை லிட்டரில் 32 கிராம். உடம்பு மணிக்கு ஏறக்குறைய ஏழு முதல் பத்து கிராம் வரைதான் கரைக்கும். இரவு பதினொன்று வரை உட்கார்ந்து இரண்டு அரை லிட்டர் டாப்பல்பாக் முடித்தவர் அறுபது கிராமுக்கு மேல் ஏற்றியிருக்கிறார். காலை ஏழு மணிக்குக்கூட அதில் மிச்சம் ரத்தத்தில் இருக்கலாம். அவர் ஒன்பது மணிக்கு லிஃப்டில் ஏறுவார். மூன்று மணிக்கே தொடங்கி, இரவு உணவுக்கு முன் முடித்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. ஒரு ஃப்ளைட், அதில் மிகவும் பிடித்ததில் ஒரு முழுக் கோப்பை. முதல் பயணத்துக்கு இது என் அளவு.

மதிய இடைவேளையில் பீர் வேண்டாம். மலைமேல் உள்ள குடில்களில் எல்லோர் கையிலும் கோப்பை இருக்கும், ஆசை வரும். அப்போது மது இல்லாத கோதுமை பீர் கேளுங்கள். ஆல்ப்ஸ் பகுதியில் இது கேவலமாகப் பார்க்கப்படுவதில்லை, சறுக்குபவர்கள் விரும்பிக் குடிப்பது. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெர்மனி அணியினரும் பயிற்சிக்குப் பிறகு மது இல்லாத பீர்தான் குடித்தார்கள்.

குடித்தால் உடம்பு சூடாகும் என்பது பழைய நம்பிக்கை, குளிரில் ஆபத்தான நம்பிக்கையும்கூட. மது தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்கும் சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தோன்றும், ஆனால் அந்தச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு இரவில் தனியாக நடந்து திரும்பாதீர்கள். வண்டி ஓட்டவே வேண்டாம். பல சறுக்கு ஊர்களில் இரவுப் பேருந்து உண்டு. நடந்து போகும் தூரத்தில் அறை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஊர் 2,500 மீட்டருக்கு மேல் இருந்தால் முதல் இரவு பீரையே தள்ளிவையுங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அது உயரத்தால் வந்ததா, குடியால் வந்ததா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். அறிகுறி கூடினால் கீழே இறங்குவதுதான் மருந்து. தூக்க மாத்திரையும் மதுவும் எந்த உயரத்திலும் ஒன்றாகச் சேரக் கூடாது. வெந்நீர்த் தொட்டியில் இறங்குவதானால் குடிக்கும் முன் இறங்குங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கி, எழும்போது மயக்கம் வரும்.

கடைசி நாள்

கடைசி நாள் பாதி நாள் மட்டும் சறுக்குங்கள். பழகிய எளிய சரிவிலேயே மெதுவாக நான்கைந்து முறை இறங்கிவிட்டு, பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோக புரூவரியில் சில கேன்கள் வாங்கலாம். வண்டியிலோ பால்கனியிலோ இரவில் விட்டுவிடாதீர்கள். 5 சதவீத பீர் மைனஸ் இரண்டு, மூன்று டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும், உறைந்தால் விரியும், கேன் வெடிக்கும். விமானத்தில் கைப்பையில் அனுமதி கிடைக்காது. பெட்டியில் வைக்கும்போது ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்த நீளச் சறுக்குக் காலுறைக்குள் நுழைத்து, துணிகளுக்கு நடுவே வையுங்கள். போய் இறங்கும் நாட்டின் சுங்க வரம்பை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஐபிஏ வாங்கியிருந்தால் ஊர் சேர்ந்ததும் குளிர்பெட்டியில் வைத்து சில வாரத்துக்குள் குடித்துவிடுங்கள், ஹாப்ஸ் வாசனை சீக்கிரம் மங்கிவிடும். டாப்பல்பாக் அவசரப்படாது. இருட்டான, குளிர்ந்த மூலையில் அடுத்த குளிர்காலம் வரை தாங்கும்.